கண்ணுக்குள் எட்டிப் பார்த்தவர்

இரவில் பூனையின் கண் மின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? டார்ச் வெளிச்சம் பட்டால் போதும், இரண்டு பச்சைக் கோலிக்குண்டுகள் நம்மை முறைப்பது போல இருக்கும். பூனையின் கண்ணுக்குள்ளேயே விளக்கு இருக்கிறது என்றுதான் வெகுகாலம் மக்கள் நம்பினார்கள். ஆனால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாத கும்மிருட்டில் பூனையின் கண் மின்னாது. வெளியிலிருந்து உள்ளே போன வெளிச்சம்தான் திரும்பி வருகிறது.

அப்படியானால் மனிதக் கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் திரும்பி வர வேண்டும்தானே? உங்கள் நண்பனின் கண்ணைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். நடுவில் உள்ள வட்டம், அதாவது கண் பாவை, கறுப்பாகத்தான் இருக்கும். எப்படித் திரும்பிப் பார்த்தாலும் கறுப்புதான்!

அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை, உயிரோடு இருக்கும் மனிதரின் கண்ணில் தெளிவாகப் பார்த்துக் காட்டியவர் ஒரு ஜெர்மானியர். பெயர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்கிக்கொள்கிறதா? இரண்டு மூன்று தடவை சொன்னால் பழகிவிடும். அவர் அதைச் செய்தபோது அவருக்கு வயது 29.

1821-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந்தேதி, பெர்லின் நகருக்குப் பக்கத்தில் உள்ள பாட்ஸ்டாம் என்ற ஊரில் பிறந்தார் ஹெர்மன். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். வசதியான குடும்பம் இல்லை. ஹெர்மன் நோஞ்சான் குழந்தை. ஏழு வயது வரைக்கும் அறைக்குள்ளும் படுக்கையிலுமாகவே பொழுது போனது. விளையாட மரக்கட்டைகள் மட்டும் நிறைய இருந்தன. அவற்றை அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார். பிறகு பள்ளியில் வடிவியல் பாடம் நடத்தியபோது ஆசிரியருக்கு ஆச்சரியம். முக்கோணம், சதுரம் பற்றி அவர் சொல்லவந்த விஷயங்கள் எல்லாம் அந்தப் பையனுக்கு முன்பே தெரிந்திருந்தன. எல்லாம் மரக்கட்டைகள் சொல்லிக் கொடுத்த பாடம்!

ஆனால் மனப்பாடம் என்றால் ஹெர்மனுக்குக் கசப்பு மருந்து. வார்த்தைகளை மனதில் நிறுத்த முடியாது. இலக்கணத்தில் விதிவிலக்கு வந்தால் தடுமாற்றம். இடது எது, வலது எது என்பதே குழம்பும். வகுப்பில் லத்தீன் பாடம் நடக்கும்போது, இவர் மேஜைக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு தொலைநோக்கியின் லென்ஸ்கள் வழியாக ஒளி எப்படி வளைந்து போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். (நீங்கள் கணக்கு வகுப்பில் காமிக்ஸ் படிப்பீர்கள். அவர் ஒளித்து வைத்துச் செய்ததே கணக்குதான்!) அந்த மேஜையடிக் கணக்கை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேலைக்கு வரும்.

இயற்பியல் படிக்க வேண்டும் என்பது ஹெர்மனின் ஆசை. அதற்கு அப்பாவிடம் பணம் இல்லை. பெர்லினில் ஒரு ராணுவ மருத்துவக் கல்லூரி இருந்தது. அங்கே படிப்பு இலவசம். பதிலுக்கு எட்டு ஆண்டுகள் ராணுவத்தில் டாக்டராக வேலை பார்க்க வேண்டும். விரும்பியது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் 1838-ல் போய்ச் சேர்ந்தார். படிக்கும் காலத்தில் கடும் காய்ச்சல் வந்து படுத்தார். மாணவர் என்பதால் மருத்துவமனையில் செலவு எதுவும் இல்லை. அந்த நாட்களில் மிச்சமான காசைச் சேர்த்து என்ன வாங்கினார் தெரியுமா? ஒரு நுண்ணோக்கி! அதை வைத்துப் பூச்சி, புழு போன்ற சிறு உயிர்களின் நரம்புகளை ஆராய்ந்து 1842-ல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

ராணுவ டாக்டராக பாட்ஸ்டாமில் இருந்தபோது, படைவீட்டிலேயே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும், அவ்வளவுதான் என்று உங்கள் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறதல்லவா? அந்த விதியைக் கணக்கோடு நிறுவிக் காட்டியவர்களில் இவர் முக்கியமானவர். 1847-ல் அதை எழுதி ஒரு பெரிய அறிவியல் இதழுக்கு அனுப்பினார். போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! சிறு புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட ஆளை ராணுவத்தில் கட்டிப் போடுவது வீண் என்று பெரியவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எட்டு ஆண்டுகள் முடியும் முன்பே, 1848-ல் விடுவித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஓல்கா என்ற பெண்ணைத் திருமணமும் செய்துகொண்டார். (இன்று அந்த ஊர் ரஷ்யாவில் இருக்கிறது. பெயர் கலினின்கிராட்.)

இனிதான் கதையின் முக்கியமான கட்டம்.

1850-ம் ஆண்டு இலையுதிர் காலம். மாணவர்களுக்குக் கண் பற்றிப் பாடம் நடத்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் தயார் செய்துகொண்டிருந்தார். அவருடைய நண்பர் எர்ன்ஸ்ட் புரூக் என்பவர், விளக்கை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்துப் பார்த்தால் மனிதக் கண்ணும் சிவப்பாக ஒளிரும் என்று கண்டுபிடித்திருந்தார். பிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் சிலரின் கண்கள் சிவப்பாகத் தெரியுமே, அதே சிவப்புதான். இந்த விஷயத்தை வகுப்பில் எப்படி விளக்கலாம் என்று யோசித்தபோது ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு ஒரு சந்தேகம் வந்தது. திரும்பி வரும் இந்த ஒளி எங்கே போய்ச் சேருகிறது? அது ஒரு பிம்பத்தை உண்டாக்குமா?

நண்பர் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். விடை என்ன தெரியுமா? கண்ணில் ஒரு லென்ஸ் இருக்கிறது. விளக்கிலிருந்து கிளம்பிய ஒளியை அது உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கிறது. அங்கிருந்து திரும்பும் ஒளி, வந்த வழியே போய் அதே விளக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு வருவதில்லை. வராத ஒளியை எப்படிப் பார்ப்பது? அதனால்தான் பாவை கறுப்பு!

அப்படியானால் விளக்கு இருக்கும் இடத்திலேயே நம் கண்ணும் இருக்க வேண்டும். முடியுமா? இருட்டு அறையின் சாவித் துவாரம் வழியாகப் பார்க்க முயன்றிருப்பீர்கள். துவாரத்தில் டார்ச்சை வைத்தால் கண்ணை வைக்க இடமில்லை. கண்ணை வைத்தால் டார்ச்சுக்கு இடமில்லை. அதே சிக்கல்தான் இங்கேயும்.

இரவில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். உங்கள் முகமும் தெரியும், வெளியே ஓடும் தெருவிளக்கும் தெரியும். அதாவது கண்ணாடி கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கொஞ்சத்தை உள்ளே விடுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிடித்துக்கொண்டது இந்தக் குணத்தைத்தான். மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக நிறுத்தினார். பக்கத்தில் இருக்கும் விளக்கின் ஒளி தகட்டில் பட்டுத் திரும்பி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குள் போகும். உள்ளேயிருந்து திரும்பி வரும் ஒளியில் ஒரு பகுதி தகட்டை ஊடுருவி, பின்னால் இருக்கும் டாக்டரின் கண்ணை அடையும். பிம்பம் தெளிவாகத் தெரிய ஒரு குழிலென்ஸ். வேலை முடிந்தது!

இதைச் செய்ய அவருக்குத் தொழிற்சாலை எதுவும் தேவைப்படவில்லை. அட்டை, பசை, மூக்குக்கண்ணாடி லென்ஸ், நுண்ணோக்கியில் வைக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டுகள் இவ்வளவுதான் செலவு. ஒரு வார வேலை என்றாலும் சுலபமாக இருக்கவில்லை. முதலில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கணக்குப்படி தெரிந்தே ஆக வேண்டும் என்ற உறுதி மட்டும் இல்லாவிட்டால், பாதியிலேயே தூக்கிப் போட்டிருப்பேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கடைசியில் தெரிந்தது. ஆரஞ்சு கலந்த சிவப்புத் திரை. அதில் மரக்கிளைகள் போல ரத்தக் குழாய்கள். அந்தக் கிளைகள் எல்லாம் கிளம்பும் இடத்தில், வெளிறிய ஒரு சின்ன வட்டம்.

டிசம்பர் மாதம் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கருவியைச் செய்யப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒளியியலே போதுமானதாக இருந்தது, இத்தனை நாள் யாருக்கும் இது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை என்று அதில் சொல்லியிருந்தார். மேஜைக்கு அடியில் போட்ட கணக்கு ஞாபகம் வருகிறதா?

யாருக்குமே தோன்றவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கணிப்பொறியின் தந்தை என்று சொல்கிறோமே, அந்த சார்லஸ் பாபேஜ் 1847-லேயே இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு கருவி செய்து ஒரு கண் டாக்டரிடம் காட்டினார். அந்த டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாபேஜும் விட்டுவிட்டார். பாவம்தான்!

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் தன் கருவியைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அதன் பெயர் ஆப்தல்மாஸ்கோப். எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். நோயுற்ற கண்ணுக்குள் வெறும் வெளிச்சத்தை விடுவது ஆபத்து, நான் தொடவே மாட்டேன் என்றார் ஒரு அறுவை சிகிச்சை டாக்டர். இன்னொருவர், பார்வை மங்கிய டாக்டர்களுக்கு வேண்டுமானால் இது உதவும், என் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்!

ஆனால் பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே என்ற இளம் கண் டாக்டர் இருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸைவிட ஏழு வயது சின்னவர். அதுவரை கண் டாக்டர்களிடையே ஒரு கேலிப் பேச்சு உண்டு. வெளியே எந்தக் குறையும் தெரியாமல் பார்வை போய்விட்டால், அது நோயாளியும் ஒன்றும் பார்க்க முடியாத, டாக்டரும் ஒன்றும் பார்க்க முடியாத நோய் என்பார்கள். கிரேஃபே புதுக் கருவியை எடுத்துக்கொண்டு அப்படிப்பட்ட கண்களுக்குள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் பார்த்த நோய்களில் ஒன்றுதான் கிளாக்கோமா. கண் அழுத்த நோய் என்று தமிழில் சொல்கிறோம். நம் கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டும் இருக்கும். வடிகால் அடைத்துக்கொண்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். (அழுத்தம் ஏறாமலேயே இந்த நோய் வருபவர்களும் உண்டு.) அப்போது அடிபடுவது பார்வை நரம்பு. சுமார் 10 லட்சம் மெல்லிய இழைகள் சேர்ந்த கயிறு அது. இழை ஒன்று செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது.

இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்துவிடுவோம். ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேர் வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டும் தூரத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும்!

புள்ளியின் பிம்பம், பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டத்தில் விழுந்ததால்தான் அது மறைந்தது. அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் பார்த்த வெளிறிய சின்ன வட்டம் இதுதான். ஆனால் அங்கே ஓட்டை விழுந்த மாதிரியா தெரிந்தது? இல்லை. சுற்றி இருந்த வெள்ளை நிறத்தை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிட்டது. கிளாக்கோமாவின் தந்திரமும் இதுவே. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மூளையும், இன்னொரு கண்ணும் ஓட்டையை மறைத்துவிடும். ஆள் ஒன்றும் அறியாமல் நடமாடிக்கொண்டிருப்பார்.

கிளாக்கோமா உள்ளவர்களின் கண்ணில் அந்த வட்டம் வேறு மாதிரி இருப்பதை கிரேஃபே கவனித்தார். முதலில் அது மேடாகப் புடைத்திருக்கிறது என்று எழுதிவிட்டார். கருவியில் ஒரு கண்ணால்தானே பார்க்க முடியும்? ஒரு கண்ணால் பார்த்தால் பள்ளமும் மேடும் குழம்பும். நிலாவின் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் குழிகள் கொப்புளங்கள் போலத் தெரியும், பார்த்திருக்கிறீர்களா? சீக்கிரமே உண்மை புரிந்தது. அது மேடு இல்லை, கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது! முன்பு எழுதியது தவறு என்று கிரேஃபே வெளிப்படையாகத் திருத்தினார். 1857-ல், கண்ணின் வண்ணத் திரையிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையால் திடீரென்று தாக்கும் வகை கிளாக்கோமாவை அடக்க முடியும் என்றும் காட்டினார். அதுவரை அந்த நோய் வந்தால் பார்வை போக வேண்டியதுதான் என்றிருந்தது.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணோடு நின்றுவிடவில்லை. தவளையின் காலை வைத்து நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார். விநாடிக்குச் சுமார் 27 மீட்டர்! அது அளக்கவே முடியாதது என்று அவருடைய ஆசிரியரே நினைத்திருந்தார். இசை எப்படிக் காதுக்கு இனிக்கிறது என்று 1863-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1871-ல் பெர்லினில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். பணமில்லாமல் கைவிட்ட பாடம், 50-வது வயதில் கைக்கு வந்தது. இடையில் துக்கமும் உண்டு. ஓல்கா 1859-ல் இறந்துபோனார். பிறகு ஆன்னா என்பவரை மணந்தார். ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்த ஹெர்ட்ஸ் இவருடைய மாணவர்தான். ஆனால் எல்லா மாணவர்களும் இவரிடம் மயங்கவில்லை. இவரிடம் படித்த மாக்ஸ் பிளாங்க், பாடத்தைச் சரியாகத் தயார் செய்யாமல் வந்து தடுமாறுவார், கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போடுவார் என்று எழுதி வைத்திருக்கிறார். வகுப்புக்குத் தயார் செய்தபோதுதானே பெரிய கண்டுபிடிப்பு நடந்தது? தயார் செய்வதை விட்டிருக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது!

கிரேஃபே 1870-ல், 42 வயதிலேயே காசநோயால் இறந்துவிட்டார். அவர் பெயரில் கண் டாக்டர்கள் ஒரு பதக்கம் ஏற்படுத்தி, 1886-ல் முதல் பதக்கத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குக் கொடுத்தார்கள். அந்த விழாவில் அவர் ஒரு கதை சொன்னார். பழங்காலக் கிரேக்கத்தில் ஒரு கொல்லர் பளிங்கைச் செதுக்கும் உளியைச் செய்தாராம். ஃபிடியாஸ் என்ற சிற்பி அதை வைத்து அற்புதமான சிலைகள் செய்தாராம். பெருமை எல்லாம் உனக்கே என்று சிற்பி சொன்னபோது, உளி இல்லாவிட்டாலும் நீங்கள் களிமண்ணிலாவது சிலை செய்திருப்பீர்கள், உளி இருந்தாலும் என்னால் ஒரு சிலை செய்ய முடியாது என்றாராம் கொல்லர். அந்தக் கொல்லர் யார், சிற்பி யார் என்று அங்கே இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

1893-ல் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கப்பலின் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டது. அதன்பின் உடல்நிலை பழையபடி ஆகவில்லை. 1894 செப்டம்பர் 8-ந்தேதி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலமானார்.

அவர் காலத்து டாக்டர்கள் பார்த்ததைக் கையால் வரைந்துதான் வைத்துக்கொள்ள முடியும். பிறகு விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்கள் வந்தன. போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிண்ணம் பெரிதாகிறதா என்று தெரிந்துவிடும். 1991-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஓ.சி.டி. என்ற முறையை வெளியிட்டார்கள். எதிரொலியை வைத்துக் கடலின் ஆழத்தை அளப்பது போல, திரும்பி வரும் ஒளியை வைத்து இது விழித்திரையின் ஒவ்வொரு அடுக்கையும் அளக்கிறது. பார்வை நரம்பைச் சுற்றியுள்ள இழைகளின் அடுக்கு, சுமார் ஒரு தலைமுடியின் தடிமன்தான். அது கொஞ்சம் மெலிந்தாலும் இதில் தெரியும். பார்வை குறைகிறது என்பது பார்வைச் சோதனையில் பிடிபடுவதற்கு முன்பே கால்வாசி இழைகளுக்கு மேல் செத்திருக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே இப்படிக் கண்டுபிடிப்பதுதான் உயிர்நாடி. அப்போது சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை என்று மிச்சப் பார்வையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. போன பார்வையை மட்டும் மீட்க முடியாது.

இந்தச் சோதனையில் ஊசி கிடையாது, வலி கிடையாது. மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் அடையாளத்தையே சில விநாடிகள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். 40 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா இருப்பவர்கள் அவசியம் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். உங்கள் தாத்தா, பாட்டியிடம் கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கூடவே போனால், கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கருவியை டாக்டர் அவர்கள் கண்ணருகே பிடித்து எட்டிப் பார்ப்பதையும் நீங்கள் பார்க்கலாம். கோனிக்ஸ்பர்க்கில் அட்டையும் பசையும் கொண்டு ஒட்டிய கருவியின் வாரிசு அது.